கால்வாயில் ஒரு வேட்டைக்காரன்

வனவிலங்கைக் காண விரும்புவோர் யாலைக்கும் வில்பத்துவுக்கும் போவர். கொழும்பு மாநகரின் கால்வாய்க் கரையில் அதனைத் தேடலாம் என்று எவரேனும் கூறினால், அப்புத்தளையில் வாழும் நாம் நகைத்திருப்போம். அழுக்கு நீரும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடத்தில் என்ன விலங்கு இருக்கப் போகிறது?

இருக்கிறது. அதன் பெயர் மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. வீட்டுப் பூனையினும் ஏறத்தாழ இரு மடங்கு பருமன், சாம்பல் மேனியிற் கரும்புள்ளிகள், குறுகிய வால், விரல்களிடையே சிறு சவ்வு. பூனைக்கு நீர் பகை என்பர். இதுவோ நீரிற் பாய்ந்து மீனைக் கவ்வும்! அன்யா ரத்நாயக்க முதலிய ஆய்வாளர், தானியங்கிக் காமிராக்களை வைத்தும் கழுத்துப்பட்டியிற் கருவி பொருத்தியும் அதன் இரவு நடமாட்டத்தை அறிந்தனர். சதுப்பு நிலத்திலிருந்து குடியிருப்புகளுக்குள்ளும் அது வந்து போகிறது. வீட்டுத் தடாகத்து அலங்கார மீனையும் விட்டு வைப்பதில்லை.

2018இல் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், ஈரநில நகரங்களென முதன்முதல் ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. அப்பெருமை நிலைக்க வேண்டுமாயின் சதுப்பு நிலம் நிலைக்க வேண்டும். பெருமழையை ஏந்தும் பாத்திரம் அது. அதனை மண்ணிட்டு நிரப்பினால், முதலிற் பூனை வீடிழக்கும். பின்னர் மனிதன் வீட்டினுள் வெள்ளம் புகும். இன்றும் வீதியைக் கடக்கையில் வாகனத்தில் அடிபட்டு மாளும் மீன்பிடிப் பூனைகள் உண்டு.

இது தலைநகரத்துச் செய்தி மட்டுமன்று. நம் மலைமுகட்டின் வடபால் விழும் மழை உமா ஓயாவோடு மகாவலியைச் சேர்கிறது. தென்பால் விழுவது தாழ்நிலம் நோக்கி இறங்குகிறது. மலைநாட்டு ஓடைகளில் நீர்நாய் வாழ்கிறது. நண்டு அதற்குப் பேருணவு. ஓடைப் பாறைமேல் நண்டோட்டுத் துணுக்குகள் கலந்த எச்சத்தைக் கண்டால், அவ்வழியே அது சென்றிருக்கக்கூடும். தேயிலை மலையில் தெளிக்கும் மருந்து மழையோடு ஓடையிற் கலந்தால் நண்டு மடியும்; நீர்நாய் அகலும். அதே நீர்தானே, கீழே பீலியிற் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்ணையும் அடைகிறது?

ஆசிரிய நண்பர்களே, ஒரு சனிக்கிழமைக் காலையில் மாணவரை ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர்நாயைக் காணாவிடினும் குற்றமில்லை. நண்டு இருக்கிறதா என்று கல்லைப் புரட்டிப் பார்த்து, பிறகு அக்கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வாருங்கள்.