கலமென்சவ்வின் புரதங்கள்

உயிர்க்கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு, கொழுப்பினத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள் இரு படையாக அடுக்கப்பெற்று அமைந்தது. நீரிற் கரைந்த உப்பும் வெல்லமும் இப்படையைக் கடத்தல் அரிது. அங்ஙனமாயின் கலம் வேண்டுவன பெறுவதும் வேண்டாதன விடுப்பதும் எவ்வாறு? அத்தொழில் மென்சவ்விலுள்ள புரதங்களுக்கு உரியது.

அமைந்த இடம் நோக்கி இவற்றை இருவகைப்படுத்துவர். கொழுப்புப் படையினுள்ளே பதிந்து, பெரும்பாலும் அதனை ஊடுருவி நிற்பவை உள்ளமைப் புரதங்கள். மேற்பரப்பில் மாத்திரம் தொற்றி நிற்பவை சுற்றயற் புரதங்கள். பின்னவற்றை உப்புக் கரைசலாற் கழற்றிவிடலாம்; முன்னவற்றைப் பிரித்தெடுக்கச் சவர்க்காரம் போன்று கொழுப்பைக் கரைக்கும் பொருள் வேண்டும். எனினும் தொழில் நோக்கிப் பிரிப்பதே கற்போர்க்குப் பெரிதும் பயன்படும்.

1957இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் இசுக்கௌ, நண்டின் நரம்பில் ஒரு பம்பிப் புரதத்தைக் கண்டார். அது சத்தியைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே கொணர்வது.

கால்வாய்ப் புரதமோ சத்தியைச் செலவிடாது வழிமட்டும் திறப்பது. நீர் கொழுப்புப் படையூடே மெல்லக் கசியும் என்பது உண்மையே. ஆயினும் செங்குழியத்தினுள் அது பாயும் விரைவுக்கு அவ்விளக்கம் போதாதிருந்தது. அமெரிக்க அறிஞர் பீற்றர் ஆகிரே, குருதியின் றீசசுப் புரதத்தை ஆராயுங்கால் வேறொரு புரதம் தற்செயலாகக் கிடைத்தது. அதனை மாசென்று ஒதுக்காமையே அவர்தம் சிறப்பு. அப்புரதத்தை ஆக்குமாறு செய்யப்பட்ட தவளை முட்டைகளை 1992இல் ஐதான கரைசலில் இட்டபோது, அவை சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. ஏனைய முட்டைகள் வாளாகிடந்தன. நீர்க்கால்வாய் ஐயமற நிறுவப்பட்டது. 2003இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

மூன்றாவது வகை வாங்கிப் புரதம். சிறுநீரகத்திலே நாடொறும் ஏறக்குறைய 180 இலீற்றர் நீர்மம் வடிக்கப்படினும், சிறுநீராகக் கழிவது ஒன்றிரண்டு இலீற்றரே. எஞ்சியதிற் பெரும்பகுதி வழியிலேயே மீள உறிஞ்சப்படும். இறுதிப் பகுதியை மீட்கும் சேர்க்குங் கான்களில், நீர்க்கால்வாய்கள் கலத்தினுள்ளே சிறு பைகளில் ஒடுங்கியிருக்கும். உடலில் நீர் குறையுங்கால் கபச்சுரப்பி விடுக்கும் ஓமோன் கலத்தின் குருதிப்பக்க வாங்கியிற் பொருந்தும். உடனே பைகள் எதிர்ப்பக்க மென்சவ்வோடு இணைய, நீர் கலத்தினுட் புகும்.

வாங்கி பழுதுறினும் நீர்க்கால்வாய் பழுதுறினும் விளைவு ஒன்றே. பிறவியிலேயே இக்குறை உடைய குழந்தை, குருதியில் ஓமோன் நிறைந்திருப்பினும், ஓயாது சிறுநீர் கழித்து, ஓயாது நீர்வேட்கையுறும். உரிய காலத்தில் நோய் அறியப்படாவிடின் அதன் உயிருக்கே இடர் நேரும். இவ்விரண்டில் எது பழுதென்பதை இன்று பரம்பரையலகுச் சோதனையால் அறியலாம்.