நட்பைத் தேடும் நம் பிள்ளைகள்



பல ஆண்டுகளுக்கு முன் பதினாறு வயது மாணவன் ஒருவன் பங்கு இல்லத்திற்கு வந்தான். தன் வகுப்புத் தோழன்மீது தனக்குள்ள ஈர்ப்பு வெறும் நட்பு அல்ல என்று அழுதுகொண்டே சொன்னான். "செபம் செய், நாளானால் சரியாகிவிடும்" என்று கூறி அனுப்பிவிட்டோம். அதன்பின் அவன் பீடத்தருகே வரவில்லை. தன்னை யாராவது வெறுக்காமல் ஏற்பார்களா என்பதே அவன் கேட்க வந்தது. அதை நாம் உணரத் தவறினோம்.

தன்பாலீர்ப்பு நோய் அல்ல. உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இல் அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. மருத்துவத்தால் இதை மாற்ற முயல்வதைத் தடைசெய்யுமாறு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

திருச்சபை என்ன கூறுகிறது? ஈர்ப்பையும் செயலையும் அது வேறுபடுத்திப் பார்க்கிறது. ஈர்ப்பு உண்டு என்பதாலேயே ஒருவர் பாவி ஆகிவிடுவதில்லை. மறைக்கல்வி ஏட்டின் 2358-ஆம் எண், இவர்களை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்கவேண்டும், அநீதியான பாகுபாடு கூடாது என்கிறது. அடுத்த எண் இவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. தன்னலமற்ற நட்பு அதற்குத் துணை என்றும் கூறுகிறது. இந்த அழைப்பு எளிதானதல்ல. அப்படியிருக்க, அந்தத் துணையையும் நாமே பறித்துவிட்டால் அப்பிள்ளை எங்கே போகும்?

மற்ற பிள்ளைகள் தங்கள் முதல் காதலைத் தோழர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த மாணவனோ மாணவியோ அதை மறைக்கவேண்டியுள்ளது. தோழனின் தோளில் கைபோடவும் தயக்கம். உண்மையைச் சொன்னால் நட்பு முறியுமோ, பள்ளி முழுவதும் பரவுமோ என்ற அச்சம். அந்தத் தனிமையில் கைப்பேசி வழியே முன்பின் அறியாத பெரியவர்களின் வலையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் வீட்டில் பேச முடியாத பிள்ளை, தனக்கு நேர்ந்த தீங்கையும் சொல்லாது.

யோனத்தான் தன் மேலாடையையும் வாளையும் வில்லையும் தாவீதுக்குக் கொடுத்தார் (1 சாமு 18). ஆழ்ந்த நட்பை விவிலியம் ஐயத்தோடு பார்க்கவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை மனம் திறந்தால் முதலில் கேளுங்கள். அடிக்காதீர்கள், அதன் அனுமதியின்றி உறவினரிடம் சொல்லாதீர்கள். இளையோரே, நண்பன் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களே, வகுப்பில் எழும் கேலியை அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளை மிகவும் மனமுடைந்திருந்தால் டெலி மானஸ் 14416, சிறார் உதவி எண் 1098 ஆகியவற்றை அழைக்கலாம்.

அமெரிக்க ஆயர்கள் குழு ஒன்று 1997-இல் இத்தகைய பெற்றோருக்கு எழுதிய மடலின் தலைப்பு, 'எப்போதும் நம் பிள்ளைகளே' என்பது. நம் பங்கிலும் அப்படி ஒரு பிள்ளை ஞாயிறு திருப்பலியில் நம் அருகே அமர்ந்திருக்கலாம். நம் பேச்சைக் கேட்டு அது நெருங்கி வருமா, விலகிப் போகுமா? சிந்திப்போம், செபிப்போம்.