வாகனத் தரிப்பிடங்களும் துருவும்: பின்னிழுவைக் கொங்கிரீற்றின் செப்பனிடல் குறித்துச் சில கருத்துகள்

கொங்கிரீற்று அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உருக்கை முன்னரே இழுத்து, அது மீளச் சுருங்க முனையும் விசையாற் கொங்கிரீற்றை அமுக்கத்தில் வைத்திருக்கும் முறைக்குப் பிரெஞ்சுப் பொறியியலாளர் பிரெசினே 1928இல் காப்புரிமை பெற்றார். கொங்கிரீற்று இறுகிய பின்னர் வடங்களை இழுத்து முனைகளில் நங்கூரமிடுவதே பின்னிழுவை முறை. வட அமெரிக்காவின் பல மாடி வாகனத் தரிப்பிடங்கள் பல 1960களிலிருந்து இம்முறையிற் கட்டப்பட்டன. தளம் மெல்லியதாயிற்று, தூண்கள் குறைந்தன, அதே நிலத்தில் கூடுதலான வாகனங்களுக்கு வாடகை கிடைத்தது.

ஆயின், அக்கால வடங்கள் பல, கிறீஸ் பூசிக் கடதாசி சுற்றப்பட்டவை. அல்லது தளர்ந்த பிளாத்திக்கு உறையுள் செலுத்தப்பட்டவை. பனிக்காலத்தில் வீதியில் தூவப்படும் உப்பு வாகனச் சில்லுகளுடன் கட்டடத்துள் நுழைகின்றது. உப்புநீர் வெடிப்புகள் வழியாகவும் நங்கூரங்கள் வழியாகவும் இறங்கி, உறையின் தாழ்ந்த இடங்களிலே தேங்குகின்றது. சாதாரண வலுவூட்டற் கம்பி துருப்பிடித்தால் அது பருத்துக் கொங்கிரீற்றைப் பிளந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். உறைக்குள் இருக்கும் வடமோ, பெரும்பாலும் மேற்பரப்பில் எவ்வித அடையாளமுமின்றி அறுகின்றது. மேலும், கொங்கிரீற்றோடு பிணைக்கப்படாத வடம் ஓரிடத்தில் அறுந்தால் அதன் முழு நீளத்திலும் இழுவை இழக்கப்படும்.

எனவே செப்பனிடல் தேடுதலில் தொடங்குகின்றது. தாழ்ந்த இடங்களிற் கொங்கிரீற்றைக் கொத்தித் திறந்து, வடத்தின் ஏழு கம்பிகளுக்கிடையே தட்டையான திருப்புளி முனையைச் செலுத்திப் பார்ப்பர். முனை எளிதில் நுழையுமாயின் இழுவை போய்விட்டது என்பது பொருள். நுண்கருவிகள் மலிந்த இக்காலத்திலும் தொழிலாளியின் கையே இங்கு அளவுகோலாக இருப்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர், வடம் செல்லும் பகுதிகள் அனைத்துக்கும் முட்டுக்கொடுத்து, எஞ்சிய இழுவையைத் தளர்த்துவர். 12.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள வடமொன்றில் ஏறத்தாழ 12 தொன் விசை அடங்கியுள்ளது. கவனமின்றி வெட்டினால் அது தளத்தைப் பிளந்து வெளியே பாயக்கூடும். இந்த ஆபத்தின் முன் நிற்பவர் கட்டட உரிமையாளரல்லர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அரித்த பகுதியை நீக்கி, புதிய வடத்தை இணைப்பியால் எஞ்சியதுடன் பொருத்தி, நீரியல் உயர்த்தியால் மீண்டும் இழுப்பர். முழு வடத்தையும் மாற்றுகையில், பழைய உறைக்குட் செல்லத்தக்க சிறிய விட்டமுள்ள வடம் தேவைப்படலாம். மின்வழித் துருத்தடுப்பும் உண்டு. ஆனால் அளவு மீறினால் வெளிப்படும் ஐதரசன் இவ்வன்மையான உருக்கை நொறுங்கச் செய்யும்.

இவையனைத்தும் அறியப்பட்ட நுட்பங்களே. அவ்வாறாயின் செப்பனிடல் ஏன் பிற்போடப்படுகின்றது? 1885இல் வெளிவந்த மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் இரயில்வேயை உதாரணமாகக் கொண்டு, நிலையான மூலதனத்தின் தேய்வையும் பழுதுபார்த்தலையும் ஆராய்கின்றார். பழுதுபார்த்தலுக்கும் புதுப்பித்தலுக்கும் இடையிலான எல்லை நெகிழ்ந்தது என்பதும், செலவை எக்கணக்கில் எழுதுவது என்னும் சர்ச்சை அங்கிருந்தே எழுகின்றது என்பதும் அவர் கண்டவை. செப்பனிட்ட தளம் புதிய வாடகை எதனையும் ஈட்டுவதில்லை. அதன் பயன் அடுத்த உரிமையாளருக்கும் போய்ச் சேரலாம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து எலியட் லேக் நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. யுரேனியச் சுரங்கத் தொழிலால் வளர்ந்த அந்நகரில், 1980இல் திறக்கப்பட்ட அங்காடியொன்றின் கூரையே வாகனத் தரிப்பிடமாக இருந்தது. அது பின்னிழுவைக் கட்டடமன்று; உருக்குச் சட்டகத்தின்மீது குழற்பலகைகள் பரப்பப்பட்டிருந்தன. எனினும் உப்பும் நீரும் ஒன்றே. தொடக்க காலத்திலிருந்தே கூரை ஒழுகியது, உரிமை கைமாறியது, ஒழுக்கு மாறவில்லை. 2012 யூன் 23இல், துருவால் அரிக்கப்பட்ட ஒட்டிணைப்பொன்று விட்டுக்கொடுக்கவே, கூரையின் ஒரு பகுதி சரிந்து இரு பெண்கள் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் பொறியியலாளர் ஒருவர் கட்டடத்தைப் பார்வையிட்டு, அது உறுதியானது என அறிக்கை வழங்கியிருந்தார்.