மீன் தொட்டிக்கு ஒரு நிலா விளக்கு, கடைக்கு ஒரு பாடம்

நம் இதழில் வழக்கமாக விலை நிலவரம், வரி விவகாரம், வரத்து நிலவரம் பற்றித்தான் எழுதுவோம். இம்முறை எங்கள் கடையில் உள்ள மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறோம். 'வத்தல், மல்லி மண்டிக்காரருக்கு மீன் தொட்டியில் என்ன வேலை?' என்று கேட்கத் தோன்றும். கடைசி வரை படித்தால், இது கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய விஷயம் என்பது விளங்கும்.

சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசிப் பக்கமிருந்து சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் சில நேரம் பிள்ளைகளையும் அழைத்து வருவார்கள். சாக்கு தைத்து, எடை போட்டு, வண்டியில் ஏற்றும் வரை பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று, கல்லாப்பெட்டிக்கு எதிரே மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வைத்தோம். கோல்டு பிஷ், கப்பி, கௌராமி என்று பத்துப் பன்னிரண்டு மீன்கள். தொட்டியின் மேல்மூடிக்குள் 20 வாட் டியூப் லைட், அதன் சோக் எல்லாம் சேர்ந்தே இருந்தன.

ஒரு நாள் தண்ணீர் மாற்றும்போது எங்கள் கடைத் தம்பி ஈரக் கையோடு அந்த மூடியைத் தூக்கினார். 'ஐயோ' என்ற சத்தம் கேட்டுத் திரும்பினால், தம்பி மூன்றடி தள்ளி மல்லிச் சாக்கின் மேல் கிடக்கிறார். தெய்வச் செயலாக உயிருக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கை மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். தப்பு முழுக்க எங்களுடையது. தண்ணீரிலிருந்து எழும் ஆவி நாள் முழுதும் அந்த ஒயர் மூட்டில் படிந்து கொண்டே இருந்திருக்கிறது. 'மலிவாகக் கிடைக்கிறதே' என்று பார்த்தோமே தவிர, மூடியை ஒரு நாளும் கழற்றிப் பார்க்கவில்லை.

வயரிங் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத்தனை லட்சம் சரக்கு வச்சிருக்கீங்க, ஒரு ஆர்.சி.சி.பி. இல்லையே?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. 'எம்.சி.பி. இருக்கிறதே' என்றோம். அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நம் பாஷையில் சொல்கிறோம். எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறிக் கரண்டு ஓடினால்தான் விழும், அது ஒயரைக் காப்பாற்றும். ஆர்.சி.சி.பி.யோ கணக்குப்பிள்ளை மாதிரி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் பற்று வரவு பார்த்துக் கொண்டே இருக்கும். மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் கணக்குப் பொருந்தவில்லை என்று நொடிப்பொழுதில் கடையைப் பூட்டிவிடும். அது மனிதனைக் காப்பாற்றும். அன்றே வாங்கி மாட்டினோம்.

மேல்மூடியிலிருந்த டியூப் லைட்டையும் கழற்றி எறிந்தோம். மூடிக்கு வெளியே, சுவரில் ஒரு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினோம். ஆனால் இன்னொரு சங்கடம் பாக்கி இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு விளக்கைப் பட்டென்று அணைத்தால், மீன்கள் மிரண்டு கண்ணாடியில் போய் மோதுகின்றன. ஒரு நாள் காலையில் கடை திறந்தபோது ஒரு கௌராமி தரையில் செத்துக் கிடந்தது. அப்போதுதான் பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன், "தாத்தா, ஒரு நிலா விளக்கு செஞ்சு தர்றேன்" என்றான்.

நிலா விளக்கு என்றால் மங்கலான நீல எல்.இ.டி.க்கள்தான். இந்த நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் வர ஜப்பானில் 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு வழி கண்ட அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சிவகாசிப் பட்டாசுக்காரர்களைக் கேட்டால், வாணத்திலும் நீலம்தான் கஷ்டமான நிறம் என்பார்கள். நீலத்தைத் தருவது செம்புச் சேர்மம், சூடு சற்று மிஞ்சினாலும் நிறம் வெளுத்துவிடும். 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய ஊருக்கும் அசல் ஜப்பானுக்கும் இதில் ஒரே பாடுதான்.

பேரன் செய்த முறை இதுதான். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் போய் 5 மில்லிமீட்டர் நீல எல்.இ.டி. ஆறு வாங்கி வந்தான். வீட்டில் சும்மா கிடந்த பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்துக் கொண்டான். ஒரு நீல எல்.இ.டி. சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9.6 வோல்ட். மீதி 2.4 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். முழு வெளிச்சத்துக்கு, அதாவது 20 மில்லி ஆம்பியருக்கு, 120 ஓம் போதும். ஆனால் நமக்கு வேண்டியது நிலவு, பெட்ரோமாக்ஸ் அல்ல. ஆகவே 470 ஓம் போட்டான். கரண்டு 5 முதல் 7 மில்லி ஆம்பியருக்குள் அடங்கியது. மூன்று மூன்றாக இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர். நீளமான கால் பிளஸ் பக்கம் என்பதை மறக்கக் கூடாது. சால்டரிங் வைத்த ஒவ்வொரு மூட்டுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, அதன் மேல் சிலிக்கான் பசை பூசி, ஒரு நாள் காயவிட்டான். பின்பு மூடியின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டினான்.

எல்.இ.டி., ரெசிஸ்டர், ஒயர் எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் அடங்கியது. டைமர் தனிச் செலவு. விளக்குக்குச் செல்வது கால் வாட்டுக்கும் குறைவுதான்.

வேலையை நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தே மேற்பார்த்தோம். நான்கு நிபந்தனை விதித்தோம். ஒன்று, 230 வோல்ட் தொட்டி மூடிக்குள் நுழையக் கூடாது. 12 வோல்ட் மட்டுமே போக வேண்டும். இரண்டு, அடாப்டர் தொட்டிக்கு மேலே அல்ல, பக்கத்துச் சுவரில் இருக்க வேண்டும். மூன்று, பிளக்குக்குப் போகும் ஒயர் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும். ஒயர் வழியே தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. நான்கு, தொட்டியில் கை வைக்குமுன் மோட்டார், விளக்கு எல்லாவற்றுக்கும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

விளக்கை இரவு முழுதும் எரிய விடுவதில்லை. மீனுக்கு இமை கிடையாது. இருட்டுத்தான் அதற்கு இமை. எட்டரைக்கு நிலா விளக்கு எரியும், ஒன்பதுக்குப் பெரிய விளக்கு அணையும், பத்தரைக்கு டைமர் நிலாவையும் அணைத்துவிடும். பௌர்ணமி வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான். மேசையில் கணக்கு எழுத 300 லக்ஸ் வேண்டும். ஆகையால் 'இன்னும் இரண்டு எல்.இ.டி. போடு' என்ற ஆசை வேண்டாம். இப்போது மீன்கள் மிரளுவதில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு நாங்கள் கணக்கு முடிக்கும் வேளையில் அந்த நீல வெளிச்சத்தில் அவை நீந்துவதைப் பார்த்தால், நாள் முழுதும் கத்திய களைப்புப் போய்விடுகிறது.

இதைப் படிக்கும் பட்டாசு வியாபாரிகளுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் இது சரி. பட்டாசு இருக்கும் கடையிலோ கிட்டங்கியிலோ கையால் செய்த எந்த விளக்கும் வேண்டவே வேண்டாம். 2008-ஆம் ஆண்டு வெடிமருந்து விதிகள் பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைக்குச் சொல்வதை நினைவில் கொள்வோம். விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தப்பட வேண்டும், ஒயரில் தொங்கக் கூடாது. சுவிட்ச் சுவரில் அசையாமல் பதிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு விதியையும் எங்கள் மல்லிக் கிட்டங்கியில் பின்பற்றியிருந்தாலே அந்தக் கடைத் தம்பிக்கு அடி விழுந்திருக்காது. சாக்கும் தூசியும் நிறைந்த நம் கிட்டங்கிகளில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிலா விளக்கு செய்வதும் செய்யாததும் அவரவர் விருப்பம். ஆனால் நாளைக் காலை கடை திறந்ததும் மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். நாங்கள் மாதப் பிறப்பன்று புதுக் கணக்கு எழுதுமுன் அதை அழுத்திப் பார்க்கிறோம். இப்போது அந்தப் பொத்தானை அழுத்துவது அந்தக் கடைத் தம்பிதான்.