பட்டியும் ஹார்டனரும்: எவ்வளவுக்கு எவ்வளவு?

கார் கதவின் நெளிவுக்குப் பட்டி பார்ப்பவர், கிரானைட் மேடையின் மூட்டை மாஸ்டிக்கால் அடைப்பவர், குழாய்க் கசிவுக்கு எம்-சீல் உருட்டுபவர் ஆகிய மூவரும் செய்வது ஒரே வேலை. இரண்டு பொருள்களைக் கலந்து, இறுகுவதற்குள் உரிய இடத்தில் வைக்கிறார்கள். ஒன்று பிசின், மற்றது ஹார்டனர். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் பூசும்போது அல்ல, கலக்கும்போதுதான். 'ஹார்டனரைக் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகிவிடும்' என்ற நம்பிக்கை அதற்கு முக்கியக் காரணம். ஒரு வகைக்கு அது ஓரளவு சரி. இன்னொரு வகைக்கு முழுத் தவறு.

முழுத் தவறாவது எபாக்ஸி வகைக்கு. எம்-சீல், அரால்டைட் இரண்டும் இந்த இனம். அரால்டைட் 1946இல் சுவிட்சர்லாந்தில் அறிமுகமானது. எபாக்ஸிப் பிசினின் மூலக்கூறு முனைகளும் ஹார்டனரில் உள்ள அமீன் முனைகளும் ஜோடி ஜோடியாகக் கைகோத்து வலைபோல் பின்னிக்கொள்கின்றன. ஹார்டனரும் அந்த வலையின் ஒரு பகுதி. கூடுதலாகப் போட்டது ஜோடி கிடைக்காமல் உள்ளேயே தங்கிப் பிடிப்பைத் தளர்த்தும். குறைத்துப் போட்டாலோ பிசின் மிஞ்சிப் பிசுபிசுக்கும்.

'சம அளவு' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அரால்டைட் ஸ்டாண்டர்டைக் கண்ணளவில், அதாவது கனஅளவில், ஒன்றுக்கு ஒன்று எடுக்கலாம். தராசில் வைத்தால் 100 கிராம் பிசினுக்கு 80 கிராம் ஹார்டனர்தான், ஏனென்றால் ஹார்டனர் எடை குறைந்தது. அட்டையில் சொல்லியிருப்பது எடையா கனஅளவா என்று பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

கார் பட்டியும் மாஸ்டிக்கும் பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை. இங்கே இறுகத் தேவையானவை எல்லாம் டப்பாவிலேயே இருக்கின்றன. சின்ன ட்யூபில் வரும் பென்சாயில் பெராக்சைடு வினையைத் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். பொதுவாக எடையில் 2 சதவீதம் போதும். வெயில் நாளில் சற்றுக் குறைத்து, குளிர்ந்த நாளில் சற்றுக் கூட்டலாம். தயாரிப்பாளர் தந்த எல்லையைத் தாண்டக் கூடாது. அளவுக்கு மீறினால் பட்டி வெடிப்பு விடும், பெயின்ட் அடித்த பிறகும் கறை மேலே வரும்.

100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் 2 கிராம். ஒவ்வொரு கிராமாக மட்டுமே காட்டும் சமையலறைத் தராசில் இந்த 2 கிராமை நம்பி நிறுக்க முடியாது. ஒரு கிராம் பிசகினாலே அளவு பாதியாகும், அல்லது ஒன்றரை மடங்காகும். ஆகவே 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கிவைப்பது நல்லது.

கலப்பதற்குக் கிண்ணம் வேண்டாம். கிண்ணத்தின் ஓரத்திலும் அடியிலும் கலக்காத பட்டி ஒளிந்துகொள்ளும். சுத்தமான தட்டைப் பலகையில் பட்டியைப் பரப்பி, ஹார்டனரை அதன் குறுக்கே கோடாக இட்டு, தகட்டுக் கரண்டியால் வழித்து, மடித்து, அழுத்துங்கள். அடித்துக் கலக்கினால் காற்று புகும், தேய்க்கும்போது ஊசித்துளைகள் தெரியும். ஹார்டனருக்குச் சிவப்பு போன்ற நிறம் ஏற்றியிருப்பது கலவையைச் சரிபார்க்கத்தான். ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள். எம்-சீலையும் இரு நிறமும் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும்.

கலந்த நொடியிலிருந்து வெப்பம் வெளிவரத் தொடங்கும். உருண்டையாகக் குவித்தால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கி, கலவை வேகமாக இறுகும். மெல்லியதாகப் பரப்பினால் அதிக நேரம் கிடைக்கும். சித்திரை வெயிலில் சிறு சிறு கவளமாகக் கலப்பதுதான் சரி. ஒரு டப்பாவில் தொட்ட கரண்டியை மற்றதில் விடக் கூடாது, மூடிகளையும் மாற்றிப் போடக் கூடாது. கையுறை கட்டாயம். எபாக்ஸி சிலருக்குத் தீராத தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்.

வேலைக்கு முன் அன்றைய அளவிலேயே ஒரு துளி கலந்து பழைய மரத்துண்டில் பூசிப் பாருங்கள். அடைத்த இடம், உறையில் சொன்ன நேரத்துக்குப் பிறகும் நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருந்தால், அதன்மேல் ஹார்டனரைத் தடவிச் சரிசெய்ய முடியாது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்து பூசுங்கள்.