பம்புசெட்டுக்குக் கெப்பாசிட்டர் எதற்கு?

கோடையில் எல்லாக் கிணறுகளிலும் மோட்டார் ஓடும்போது, லைனின் கடைசியில் உள்ள தோட்டங்களில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் கருகுவதுண்டு. பவர் ஃபேக்டர் என்னும் திறன் காரணி குறைவாக இருப்பதும் இதற்கு ஒரு காரணமாகும்.

மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் தண்ணீர் இறைப்பதில்லை. ஒரு பகுதி, காந்தப்புலம் உண்டாக்குவதற்காக லைனுக்கும் மோட்டாருக்கும் இடையே வீணே போய்வந்துகொண்டிருக்கிறது. 5 குதிரைசக்தி மோட்டார் ஒன்று 415 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 1.73, 415, 8 மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 5.7 கே.வி.ஏ. வாட்மீட்டரோ 4.3 கிலோவாட்தான் காட்டுகிறது. 4.3-ஐ 5.7-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.75-தான் திறன் காரணி.

இதற்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் இணைத்தால் லைனில் மின்னோட்டம் சுமார் 6.5 ஆம்பியராகக் குறையும், காரணி 0.9-ஐத் தாண்டும். கம்பியில் வெப்பமாக வீணாவது மூன்றில் ஒரு பங்கு குறையும். கட்டணமில்லா மின்சாரம்தானே என்று இருந்துவிடக் கூடாது. காயில் கட்டும் கூலி நம் கையிலிருந்துதான் போகிறது. ஆனால் ஒருவர் மட்டும் வைத்தால் வோல்டேஜ் அதிகம் உயராது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள அனைவரும் வைக்க வேண்டும்.

கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில் இணைப்பது அவசியம். அப்போதுதான் மோட்டார் நின்றதும் அதுவும் லைனிலிருந்து விடுபடும். ஓவர்லோடு ரிலேயின் ஆம்பியர் அளவையும் அதற்கேற்பக் குறைத்து வைக்க வேண்டும். இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டச் சிலர் மாட்டும் கெப்பாசிட்டர் வேறு. அது காயிலுக்குக் கேடு. இணைப்பைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விடவும். மோட்டாரை நிறுத்திய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், ஐந்து நிமிடத்துக்கு அதன் முனைகளைத் தொடக் கூடாது.