மீனைப் பிடிக்கும் முன் ஆளைப் பிடியுங்கள்!
தீர்த்தன் நதியில் டிரவுட் வேட்டைக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

டில்லியில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்களுக்கு இமாசலப் பிரதேசம் என்றால் சிம்லாவும் குலு-மணாலியும்தான் நினைவுக்கு வரும். எல்.டி.சி. எடுத்துக் குடும்பத்துடன் புறப்படுகிறவர்கள் மணாலி பஸ்ஸில் ஏறிப் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே சாலையில் குலுவுக்கு முன்பாக ஔட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பிரிந்து பஞ்சார் செல்லும் பாதையில் போனால் தீர்த்தன் நதிப் பள்ளத்தாக்கு. டிரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்குப் பெயர்போன நதி அது.

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க விரும்பிய வெள்ளைக்காரர்கள் 1900-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனிலிருந்து அதன் முட்டைகளைக் காஷ்மீருக்குக் கொண்டுவந்தார்கள். 1909-ல் அங்கிருந்து குலுப் பள்ளத்தாக்குக்கு வந்தது. நம் நீலகிரியில் அவலாஞ்சி ஓடைகளில் வாழும் டிரவுட்டும் அதே காலத்தில் வெள்ளையர் கொண்டுவந்து விட்டதுதான்.

துரைமார் போய்விட்டார்கள்; மீன் தங்கிவிட்டது. இன்று மீன்துறையின் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். ஆனால் லைசென்ஸும் தூண்டிலும் மட்டும் இருந்தால் மீன் வந்துவிடாது. உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும்.

ஆள் எதற்கு?

ஊர்க் குளத்தில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த மீன் பிடிபடாது. டிரவுட் ஓடுகிற நீரை எதிர்த்து, தலையை மேற்கே வைத்தால் மேற்கே, கிழக்கே வைத்தால் கிழக்கே, எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி நிற்கும். பாறையின் மறைவில் நின்றுகொண்டு, ஓட்டத்தில் மிதந்து வரும் பூச்சிகளைத் தின்னும். கண் கூர்மையானது. மனித நிழல் நீரில் விழுந்தால் போதும், மறைந்துவிடும். எனவே கீழ்ப்பக்கத்திலிருந்து, அதன் முதுகுக்குப் பின்னால், சத்தமின்றி நெருங்க வேண்டும்.

எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கிறது, காலையில் எந்த மடு, மாலையில் எந்த மடு என்பதெல்லாம் நதிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். நல்ல வழிகாட்டி வந்தவுடன் தூண்டிலை எடுக்கமாட்டார். ஆற்றுக்கல் ஒன்றைப் புரட்டி, அதன் அடியில் என்ன பூச்சி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். அதற்கேற்பத்தான் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி முள்ளைத் தேர்ந்தெடுப்பார்.

உயிருக்குக் காவல்

மீன் கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒரு நாள்தான். மலைநதியில் இடம் தெரியாமல் இறங்கினால் நஷ்டம் வேறு. தீர்த்தன் ஆறு லார்ஜி அருகே பியாஸ் நதியில் கலக்கிறது. அங்கே மின்சார உற்பத்திக்கான அணை இருக்கிறது. 2014 ஜூன் 8-ஆம் தேதி அந்த அணைக்குக் கீழே, ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த மாணவர்கள் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் திடீரென்று ஏறியது. 24 மாணவர்களும் அவர்களுடன் வந்த சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள்.

சற்று முன்புவரை முழங்கால் அளவே இருந்த நீர் ஆளை இழுக்கும் வெள்ளமாக மாற அதிக நேரம் ஆகாது. அணை இல்லாத இடத்திலும், மேலே மலையில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே வந்து சேரும். நீரின் நிறம் கலங்குவதைக் கண்டதும் "ஏறுங்கள் மேலே" என்று சொல்லுகிற ஆளுக்குக் கொடுக்கும் கூலி, மீனுக்கு மட்டும் கொடுக்கும் கூலி அல்ல.

முன்கூட்டியே பேசுங்கள்

ஆளை அமர்த்தும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. கூலி முழு நாளைக்கா, அரை நாளைக்கா? தூண்டில், வலைக்கூடை, நீர்க்காலணி யார் தருவது? மதியச் சாப்பாடு யார் பொறுப்பு? லைசென்ஸ் எங்கே வாங்குவது? நாளொன்றுக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும் என்ற விதிகளையும் அவரிடம் கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் அவர் தொழில் தெரிந்தவர்.

"மீன் கட்டாயம் கிடைக்கும்" என்று சத்தியம் செய்கிறவரை நம்ப வேண்டாம். "லைசென்ஸ் எதற்கு, ராத்திரி வலை போட்டுத் தருகிறேன்" என்கிறவரை உடனே விட்டு விலகுங்கள். வலை, வெடி, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றால் மீன் பிடிக்கிறவர்கள் பெரிய மீனோடு குஞ்சுகளையும் கொன்றுவிடுகிறார்கள். பிறகு அந்த மடுவில் தூண்டில் போடுவது வீண்.

காலமும் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய இமாசலத்தில் டிரவுட் பிடிக்கத் தடை. அந்தக் குளிர்காலத்தில்தான் மீன் கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிடுகிறது. அங்கே காலை வைத்தாலே முட்டைகள் நசுங்கும். மழைக்காலத்தில் நீர் கலங்கிவிடும். மார்ச் முதல் மே வரையும், மழை ஓய்ந்த செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் முடியவும் ஏற்ற காலம். நதியின் மேற்பகுதி பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே தூண்டில் கூடாது.

கூலியில் கழிக்காதீர்கள்

தடைக்காலம் நான்கு மாதம், மழை மூன்று மாதம் என்று கழித்தால் வழிகாட்டிக்கு மிஞ்சுவது ஐந்து மாதச் சம்பாத்தியந்தான். மற்ற நாட்களில் வயல் வேலை, ஆப்பிள் தோட்ட வேலை என்று போகிறார்கள். மாதச் சம்பளக்காரர்களான நமக்கு இது புரியாததல்ல. மீன் அகப்படவில்லை என்று பேசிய கூலியைக் குறைக்கக் கூடாது. அவர் விற்றது மீனை அல்ல. ஒரு நாள் உழைப்பையும், நதியைப் பற்றிய அறிவையும். வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் போகாமல் இருப்பதும் அதே தவறுதான். அந்த நாளை அவர் வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்.

நதியில் மீன் இருந்தால்தான் வழிகாட்டிக்குச் சோறு. ஆகவே கள்ள வலைக்காரனை முதலில் எதிர்க்கிறவரும் அவராகவே இருப்பார். நேர்மையான ஆளைத் தேடி, நியாயமான கூலி கொடுத்து அமர்த்துகிற ஒவ்வொருவரும் நதிக்கு ஒரு காவலாளியை நியமிக்கிறார். அடுத்த ஆண்டு விடுமுறையில் போகும்போது அங்கே மீன் இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.